எல்லைக்கல்லில் நின்றுபோகும் சாலை: புறம்போக்கு நிலமும் இரு ஊராட்சிகளின் பொறுப்பும்

2019 ஆகஸ்டில், அன்றைய வேலூர் மாவட்டத்தின் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து ஒரு தலித்தின் உடல் கயிறு கட்டிக் கீழே இறக்கப்பட்டது. ஆற்றங்கரைக்குச் செல்லும் பாதையை நிலவுடைமையாளர்கள் மறித்திருந்தனர். காணொளி பரவிய பின்னர் சென்னை உயர் நீதிமன்றம் தாமாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. பாலம் பொதுச் சொத்து; ஆறும் பொதுச் சொத்து. இரண்டையும் இணைக்கும் சில அடிப் பாதைதான் பொதுச் சொத்தாக இல்லை.

பாதை மறுப்பைச் சாதி ஆதிக்கத்தின் வெளிப்பாடாக நாம் சரியாகவே பார்க்கிறோம். அந்த ஆதிக்கம் எந்த நிர்வாக ஏற்பாட்டின் மறைவில் நின்று செயல்படுகிறது என்பதை அவ்வளவாகப் பார்ப்பதில்லை. சேரிகள் பெரும்பாலும் ஊரின் விளிம்பில் அமைக்கப்பட்டவை. ஊராட்சி எல்லைகளும் அந்த விளிம்பிலேயே செல்கின்றன. ஆகவே குடியிருப்பு ஓர் ஊராட்சியிலும், சுடுகாடோ பேருந்துச் சாலையோ அடுத்த ஊராட்சியிலும் அமைந்துவிடுவது அரிதன்று. இடையில் ஒரு வாய்க்கால், ஒரு மேய்ச்சல் நிலம், சில இடங்களில் ஒரு ரயில் பாதை. எந்த அலுவலகமும் ‘முடியாது’ என்று எழுதித் தருவதில்லை. ‘எங்கள் எல்லையில் இல்லை’ என்று மட்டுமே ஒவ்வொன்றும் கூறுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 110-ஆம் பிரிவின்படி ஊராட்சிச் சாலைகளை அமைப்பதும் பராமரிப்பதும் கிராம ஊராட்சியின் கடமை. இடுகாடு, சுடுகாடுகளை ஏற்படுத்திப் பேணுவதும் அதே பிரிவில் வரும் கடமையே. 134-ஆம் பிரிவு, அரசுக்குத் தனிப்பட்ட தேவை இல்லாத மேய்க்கால், களம், சுடுகாடு, தோப்பு முதலிய புறம்போக்குகளை ஊராட்சியின் பொறுப்பில் வைக்கிறது. ஆக, பாதை மேய்க்கால் வழியே சென்றால் ஊராட்சியை வலியுறுத்த நமக்குச் சட்டப்பிடி உண்டு. ஆறு, பெரிய ஏரி, பாசன வாய்க்கால் என்றால் நீர்வளத் துறையின் அனுமதி வேண்டும். ரயில்வே நிலம் மத்திய அரசினுடையது. அங்கே கோட்ட அலுவலகம் வரை செல்லாமல் எதுவும் நகராது.

இரு ஊராட்சிகள் சேர்ந்து செய்ய வேண்டிய பணிக்குக் கூட்டுக் குழு அமைக்க இச்சட்டத்திலேயே இடமுண்டு. எனினும் மனுக்களில் இதைக் கோருவோர் மிகக் குறைவு. இரண்டும் ஒரே ஒன்றியத்தில் இருந்தால் அதைவிட எளிய வழியும் இருக்கிறது: பாதையை ஊராட்சி ஒன்றியச் சாலையாக வகைப்படுத்தக் கோரலாம். அப்போது 112-ஆம் பிரிவின்படி பொறுப்பு ஒன்றியத்துக்குச் சென்றுவிடும். எல்லைக்கல் ஒரு சாக்காக இராது. மறுபுறம் இருப்பது பேரூராட்சியாகவோ நகராட்சியாகவோ இருந்தால் துறையே வேறு என்பதால் இவ்வழி பயன்படாது.

நிதியிலும் ஒரு கண்ணி உள்ளது. 2000-இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டம், வருவாய்க் கிராமத்தை அல்லாமல் குடியிருப்பை அலகாகக் கொண்டது. இது நமக்குச் சாதகமான ஏற்பாடே. ஆனால் சமவெளியில், எல்லாப் பருவத்துக்கும் உகந்த சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கும் குடியிருப்பு ‘இணைக்கப்பட்டது’ என்றே அதன் விதிகளில் கணக்கிடப்படுகிறது. சேரி ஊரிலிருந்து அரை கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், ஊருக்கு வந்த தார்ச்சாலை சேரிக்கும் வந்ததாகக் காகிதத்தில் பதிவாகிவிடும். அந்த அரை கிலோமீட்டரைக் கடக்க ஊர்த்தெரு வழியே போக வேண்டும் என்பதும், அத்தெருவில் பறையொலியோடு பிணம் போக முடியுமா என்பதும் எந்தப் படிவத்திலும் கேட்கப்படுவதில்லை. மேலும், நிலம் கையகப்படுத்த இத்திட்டத்தில் பணம் இல்லை. நிலத்தை மாநிலம்தான் தர வேண்டும். புறம்போக்கைத் தேடும் தேவை இங்கிருந்தே பிறக்கிறது.

நீர்நிலைப் புறம்போக்கு குறித்து நாம் நிதானமாகப் பேச வேண்டும். ஏரியும் வாய்க்காலும் கூலி விவசாயிகளின் வாழ்வாதாரமும் ஆகும். நீதிமன்றங்கள் அவற்றின் வகைப்பாட்டை மாற்ற மறுப்பதை நாம் எதிர்க்க வேண்டியதில்லை. (நுங்கம்பாக்கம் ஏரி நிலத்தில் வள்ளுவர் கோட்டம் எழுந்தபோதும், மாம்பலம் ஏரி தியாகராய நகராக மாறியபோதும் இக்கண்டிப்பு எங்கே இருந்தது என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.) ஏரியைத் தூர்த்துச் சாலை கேட்பது வேறு, நீரோட்டத்தைத் தடுக்காத சிறுபாலம் கேட்பது வேறு. மனுவில் ‘நிலமாற்றம்’ என்று எழுதாமல், வகைப்பாடு மாறாமல் பாலம் அமைக்க அனுமதி என்று எழுதுவது நல்லது. பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்ற வலியுறுத்திய 2011-ஆம் ஆண்டின் ஜக்பால் சிங் வழக்குத் தீர்ப்பில்கூட, அரசு அறிவிக்கையின்படி நிலமற்ற கூலிகளுக்கோ பட்டியல் சாதி, பழங்குடியினருக்கோ குத்தகையாகத் தரப்பட்ட நிலத்துக்கும், பொதுப் பயன்பாட்டு அமைப்பு ஏற்கெனவே இருக்கும் இடத்துக்கும் உச்ச நீதிமன்றம் விலக்குக்கு இடம் வைத்தது.

சிதறிக் கிடக்கும் இந்த அதிகாரங்கள் அனைத்தும் மாவட்ட அளவில் ஒரே மேசையில் வந்து சேர்கின்றன. ஆட்சியரே வருவாய் நிர்வாகத்தின் தலைவர். ஊராட்சிகளின் ஆய்வாளரும் அவரே. வன்கொடுமைத் தடுப்பு விதிகள், 1995-இன் 17-ஆம் விதியின்கீழ் அமைக்கப்படும் மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழுவின் தலைவரும் அவரே. மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டிய அக்குழுவில் பாதைப் பிரச்சினையை வைப்பது, தனித்தனி அலுவலகங்களில் மனு கொடுத்து அலைவதைவிடப் பயன் தரும். 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவு, சுடுகாட்டையோ சாலையையோ பாதையையோ பயன்படுத்தவிடாமல் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. ஆகவே அக்குழுவில் இது வெறும் வளர்ச்சிப் பணிக் கோரிக்கை அன்று.

ஆயினும் ஆணை மட்டும் போதாது என்பதைத் திருநாள்கொண்டச்சேரி காட்டியது. 2016 ஜனவரியில், ஒரு தலித் முதியவரின் உடலைப் பொதுப்பாதையில் எடுத்துச் செல்ல உயர் நீதிமன்றம் அனுமதித்த பின்னரும், காவல் துறையே உடலைக் கைப்பற்றி வேறு வழியே கொண்டுசென்று அடக்கம் செய்தது.

களத்தில் இறங்கும் மாணவர்கள் முதலில் பெற வேண்டியவை அ-பதிவேட்டின் நகல், புலப்படம், கிராம வரைபடம் ஆகியவை. பாதை செல்லும் ஒவ்வொரு புல எண்ணுக்கும் எதிரே எந்த வகைப்பாடு எழுதப்பட்டுள்ளது என்று பார்த்தாலே, எத்தனை அலுவலகங்களை அணுக வேண்டும் என்பது தெரிந்துவிடும். பின்னர் இரு ஊராட்சிகளிலும் ஒரே நாளில், ஒரே வாசகத்தில், அதே புல எண்களுடன் கிராம சபைத் தீர்மானம் நிறைவேற வேண்டும். குடியரசு நாள், மே நாள், விடுதலை நாள், காந்தி பிறந்த நாள் ஆகியவற்றுடன் மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களிலும் சபை கூடுகிறது. வாசகத்தில் ஒரு புல எண் மாறினாலும் கோப்பு திரும்பி வரும்.

சாலை போடப்பட்ட பிறகு பலரும் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. போட்ட பாதையைத் தனி உட்பிரிவாக அளந்து, ‘பாதை’ என்று அ-பதிவேட்டிலும் புலப்படத்திலும் ஏற்ற வேண்டும். இரு ஊராட்சிகளின் சாலைப் பதிவேட்டிலும் அவரவர் பகுதியின் நீளத்தைக் குறிக்க வேண்டும். இப்பதிவு இல்லாத இடத்தில் அடுத்த பழுதுபார்ப்புக்கு நிதி வராது. பட்டா நிலத்தின் ஓரத்தில் செல்லும் பகுதியாக இருந்தால், சில ஆண்டுகளில் அங்கே மறுபடியும் வேலி முளைக்கும்.