மூன்று பீப்

கேளம்பாக்கத்தில் உப்பளங்களைத் தாண்டி வரும் காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் மெல்ல மெல்லத் தின்றுவிடும். ஒருநாள் காலை என் பழைய கம்ப்யூட்டரையும் அது பிடித்துக்கொண்டது. சுவிட்சைப் போட்டேன். திரை விழிக்கவில்லை. உள்ளிருந்து மூன்று முறை 'பீப்' என்று கத்திவிட்டு அடங்கிப் போயிற்று. பாதி எழுதிய நாவல் ஒன்று அதற்குள் கிடந்தது. என் நிலைமையை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

கடைத்தெருவில் ரிப்பேர் செய்யும் பையனிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவன் பெட்டியைத் திறக்கவில்லை. வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் காதை மட்டும் கொடுத்தான்.

"ராம் சார்" என்றான்.

தன் பெயரைச் சொல்கிறானாக்கும் என்று நினைத்தேன். நினைவுப் பலகையைச் சொல்லியிருக்கிறான்! அதைப் பிடுங்கி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் அழிரப்பரால் அதன் விளிம்பைத் தேய்த்து, மறுபடி செருகினான். ஒரே ஒரு குட்டிச் சத்தம், திரை விழித்துக்கொண்டது.

பட்டம் வாங்காமல் கல்லூரியை விட்டவன் நான். ஆனாலும் அன்று முதல் இந்த விஷயம் என்னை விடவில்லை. மின்சாரம் பாய்ந்ததும் யந்திரத்தின் மூளை, அழியாத நினைவில் எழுதி வைத்த ஒரு சிறு கட்டளைத் தொடரைத் தேடிப் போகிறது. அந்தத் தொடர் முதலில் தன் கை கால்களைத்தான் சோதிக்கிறது. கோளாறு தெரிந்தால் எப்படிச் சொல்வது? திரையே இன்னும் உயிர் பெறவில்லையே! ஆகவே அற்பமான ஒலிபெருக்கி ஒன்றைக் கொண்டு கத்துகிறது. 1981-ல் ஐ.பி.எம். விற்பனைக்குக் கொண்டுவந்த கம்ப்யூட்டரிலேயே இந்த வழக்கம் உண்டு. ஒலிபெருக்கியும் இல்லாத சிறு பலகைகள் விளக்கை மினுக்கிக் காட்டும். 2012-ல் வந்த ராஸ்பெர்ரி பை என்ற பலகையில் பச்சை விளக்கு ஏழு முறை மினுக்கினால், இயக்க வேண்டிய கர்னல் கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

நம் தேசத்தில் கோடானுகோடி ஜனங்கள் கை வைத்திருக்கும் அத்தகைய பலகை எது தெரியுமா? ஓட்டுப் போடும் யந்திரந்தான். 1980 ஆகஸ்டு 6-ல் தேர்தல் கமிஷன் அதைக் கட்சிப் பிரதிநிதிகளுக்குக் காட்டியது. அதை உருவாக்கியதில் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் இருந்த எஸ். ரங்கராஜனுக்கு முக்கியப் பங்கு உண்டு. எழுத்தாளர் சுஜாதா என்றால் எல்லோருக்கும் தெரியும். என் போன்ற கதாசிரியர்களுக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு என்பதை மறைப்பானேன்?

பாட்டரியில் ஓடும் யந்திரம் அது. மின்சாரம் எட்டாத ஊரிலும் வேலை செய்யும். இணைப்பு சரியில்லை, ஏதோ ஒரு பொத்தான் அழுந்தியே கிடக்கிறது என்றால், அதிகாரியின் பெட்டியில் பிழை என்று எழுத்து விழும். பிற்பாடு வந்தவை சுவிட்சைப் போடும்போதெல்லாம் தம்மைத் தாமே சோதித்துக்கொள்கின்றன.

ஆனால் யந்திரத்தால் அறிவிக்க முடியாத கோளாறு ஒன்று இருந்தது. 1982 மே மாதம் கேரளத்துப் பரவூர் தொகுதியில் 50 சாவடிகளில் முதன்முதலாக இதை வைத்தார்கள். சிவன் பிள்ளை 123 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். தோற்ற ஏ.சி. ஜோஸ் வழக்குப் போட்டார். 1984-ல் சுப்ரீம் கோர்ட், யந்திரத்தில் ஓட்டுப் போடச் சட்டத்தில் இடமே இல்லை என்று சொல்லி, அந்த 50 சாவடிகளிலும் காகித ஓட்டுக்கு உத்தரவிட்டது. மறுபடி எண்ணியபோது ஜோஸ் ஜெயித்தார்! சட்டத்தைத் திருத்தி அது அமலுக்கு வர 1989 ஆயிற்று. 1998-ல் சில தொகுதிகள்; 2001 மே மாதம் தமிழகம் முழுவதும்.

அந்தத் தேர்தலில்தான் நானும் என் பெரியம்மாவும் ஒன்றாக வரிசையில் நின்றோம். அட்டை மறைப்புக்குள் போன பெரியம்மா பொத்தானை அமுக்கியதும் 'பீ...ப்' என்று நீளமாகச் சத்தம் வந்தது. வெலவெலத்துப் போய் வெளியே வந்தாள்.

"ஏம்பா, அது கத்துதே, தப்பா அமுக்கிட்டேனா?"

"இல்லம்மா, ஓட்டு விழுந்துடுச்சுன்னு சொல்லுது" என்றார் அதிகாரி.

"கத்தலைன்னா?"

"கத்தலைன்னா என்கிட்ட சொல்லணும்."

பெரியம்மா வாசற்படியிலேயே நின்று, அடுத்து உள்ளே போன மருமகளின் ஓட்டுக்கும் சத்தம் கேட்ட பிறகுதான் நகர்ந்தாள்.