முதியோர் பேணலும் பேணுநர் நிலையும்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

முதுமையில் பெற்றோரைப் பேணுதல் மக்களின் கடமை என்பது இந்தியச் சமூகத்தில் நெடுங்காலமாக வேரூன்றிய கருத்தாகும். 1961ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 60 அகவை நிறைந்தோர் 5.6 விழுக்காட்டினர், 2011இல் அவர்கள் 8.6 விழுக்காட்டினராக, பத்துக் கோடிக்கும் மேலாகப் பெருகினர். இவர்களுள் நோயுற்றோரையும் நடமாட்டம் குன்றியோரையும் நீராட்டி, உணவூட்டி, இரவில் கண்விழித்துக் காப்போர் பெரும்பாலும் ஊதியம் பெறாத குடும்பத்தினரே. அவர்களுள்ளும் மனைவி, மகள், மருமகள் எனப் பெண்களே மிகுதி. விடுதலைக்குப் பிந்தைய இந்தியாவில் இப்பேணுநரைச் சட்டம் எவ்வாறு நோக்கியது, அவர்கள் தம் இடர்களை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

சட்டம் கண்ட பேணல்

1898ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் மனைவிக்கும் குழந்தைகளுக்கும் மட்டுமே வாழ்க்கைப்பொருள் பெறும் உரிமையை வழங்கியது. 1956ஆம் ஆண்டு இந்து மகவேற்பு மற்றும் வாழ்க்கைப்பொருள் சட்டம், முதிய பெற்றோரைக் காக்கும் கடமையை மகன், மகள் இருவர்க்கும் விதித்தது. 1973ஆம் ஆண்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவு, சமய வேறுபாடின்றிப் பெற்றோரையும் உரிமையுடையோர் வரிசையில் சேர்த்தது. மணமான மகளுக்கும் இக்கடமை உண்டு என 1987இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2007ஆம் ஆண்டு பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் இதற்கெனத் தீர்ப்பாயங்களை ஏற்படுத்தியது. மாதம் 10,000 ரூபாய் என உச்சவரம்பும் வகுத்தது.

1956, 2007 ஆகிய இரு சட்டங்களும் பராமரிப்புக்குத் தரும் விளக்கம் ஒப்புநோக்கத்தக்கது. உணவு, உடை, உறையுள், மருத்துவம் என்பனவே இரண்டிலும் அடிப்படை. அரை நூற்றாண்டு கழிந்த பின்னரும் பேணல் என்பது பொருளாகவே அளக்கப்பட்டது. அதற்குச் செலவாகும் உழைப்பும் காலமும் அளக்கப்படவில்லை. 2007ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘பிள்ளைகள்’ என்னும் சொல் மகன், மகள், பேரன், பேத்தி ஆகியோரையே குறித்தது. மருமகன், மருமகளையும் சேர்க்க முற்பட்ட 2019ஆம் ஆண்டுத் திருத்த மசோதா சட்டமாகவில்லை. அம்மசோதாவிலும் மருமகள் கடமைப்பட்டவராகவே பெயர் பெற்றார்; அன்றாடம் உழைப்பவராக அன்று. முதியோர்க்குக் குறுகிய காலத் தங்கல் வசதி அளித்துக் குடும்பத்தினர்க்குச் சற்று ஓய்வு தரவேண்டும் என்னும் கருத்து 1999ஆம் ஆண்டுத் தேசிய முதியோர் கொள்கையில் இடம்பெற்றமை இவ்வகையில் ஒரு விதிவிலக்கு எனலாம்.

பேணுநரின் இடர்களும் எதிர்கொள்ளலும்

பேணுநரின் இடர்கள் உடலளவில் நிற்பன அல்ல. உறக்கமின்மை, தூக்கிக் கிடத்துவதால் வரும் முதுகுவலி ஆகியவற்றோடு வேலையிழப்பும் உறவினர் ஏச்சும் தனிமையும் சேர்கின்றன. மறதிநோய் கண்ட முதியோர் கேட்டதையே கேட்பதும், பொருளைத் திருடியதாகப் பழிப்பதும் நோயின் கூறுகள் என்பதை அறியாத குடும்பங்கள் அவற்றை வேண்டுமென்றே செய்யும் பிடிவாதமாகக் கொள்கின்றன. எனவே, பேணுநர்க்கு முதலில் தேவைப்படுவது அறிவு, அடுத்தது துணை.

இத்தேவைகளை நிறைவுசெய்யும் முயற்சிகள் 1990களில் உருப்பெற்றன. 1992இல் கேரளத்தில் தோன்றிய இந்திய அல்சைமர் மற்றும் தொடர்புடைய நோய்கள் சங்கம், மறதிநோயாளரின் குடும்பத்தினர் ஒருவரோடொருவர் பேசித் தெளிவதற்கு வழிவகுத்தது. 1993இல் கோழிக்கோட்டில் தொடங்கப்பெற்ற வலி மற்றும் நோய்த்தணிப்புச் சங்கத்தின் பணி, பின்னர் அண்டை அயலார் வலையமைப்பாக விரிந்தது. பயிற்சி பெற்ற ஊர்த் தொண்டர்களும் செவிலியரும் வீடுதேடிச் சென்று, படுக்கைப்புண் வராமல் புரட்டிக் கிடத்துதல் முதலியவற்றைக் குடும்பத்தினர்க்குக் கற்பித்தனர். 2008இல் கேரள அரசு நோய்த்தணிப்புப் பராமரிப்புக்கெனக் கொள்கை வெளியிட்டது.

அதே ஆண்டில் வெளிவந்த கோவா ஆய்வு ஒன்றும் இங்குக் குறிப்பிடத்தக்கது. மறதிநோயாளர் உள்ள 81 குடும்பங்கள் அதில் பங்குபெற்றன. மருத்துவரல்லாத உள்ளூர்ப் பணியாளர்கள் வீட்டிற்கே சென்று அறிவுரையும் ஆறுதலும் வழங்கியபோது பேணுநரின் மனநலம் மேம்பட்டமையை அவ்வாய்வு காட்டியது.

முடிவுரை

மேற்கண்டவற்றால், முதியோரைக் கைவிடுவோரைச் சட்டம் அடையாளம் கண்ட அளவிற்குக் கைவிடாதோரை அடையாளம் காணவில்லை என்பது பெறப்படுகிறது. பேணுநர் தாங்கி நின்றமைக்குத் தனிமனிதப் பொறுமை மட்டுமே காரணம் அன்று; நோயைப் பற்றிய தெளிவும், ஒரு பொழுதேனும் சுமையை மாற்றிக்கொள்ளும் அயலாரும் வாய்த்த இடங்களில் அவர்தம் துயர் குறைந்தது. பேணலைத் தியாகம் எனப் போற்றும் மரபு, அப்பெண்கள் ஓய்வு கேட்கும் உரிமையை மறைத்துவிடலாகாது. பேணப்படுவோரின் உரிமையோடு பேணுவோரின் உரிமையும் சட்டத்தில் இடம்பெறும்போதே முதியோர் நலம் முழுமையடையும்.