பிலிப்ஸ் எக்சிட்டர் அகாதமியின் கல்வித் துறைகளும் கற்பித்தல் முறையும்

பிலிப்ஸ் எக்சிட்டர் அகாதமி என்பது ஐக்கிய அமெரிக்காவின் நியூ ஹாம்சயர் மாநிலத்தில், எக்சிட்டர் என்னும் சிறுநகரில் அமைந்துள்ள தனியார் உறைவிடப் பள்ளி ஆகும். பாஸ்டன் நகருக்கு வடக்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ள இப்பள்ளி 1781ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. இங்கு 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை சுமார் 1,100 மாணவ மாணவியர் பயில்கின்றனர். மாணவர்களைப் பல்கலைக்கழகக் கல்விக்கு ஆயத்தப்படுத்துவதே இத்தகைய பள்ளிகளின் நோக்கம் என்பதால், இவை கல்லூரி ஆயத்தப் பள்ளிகள் எனப்படுகின்றன.

ஏறத்தாழ எல்லாப் பாடங்களும் ஒரே முறையில் கற்பிக்கப்படுவது இப்பள்ளியின் தனிச்சிறப்பு. சுமார் 12 மாணவர்களும் ஓர் ஆசிரியரும் ஒரு நீள்வட்ட மேசையைச் சுற்றி அமர்ந்து, கலந்துரையாடல் வழியாகப் பாடத்தைக் கற்கின்றனர். இது ஹார்க்னஸ் முறை என அழைக்கப்படுகிறது. மேசைக்கும் ஹார்க்னஸ் மேசை என்றே பெயர்.

தோற்றம்

ஜான் பிலிப்ஸ் என்ற வணிகரும் அவருடைய மனைவி எலிசபெத்தும் இப்பள்ளியை நிறுவினர். இதற்கு மூன்று ஆண்டுகள் முன்னதாக, 1778இல், ஜான் பிலிப்சின் அண்ணன் மகன் சாமுவேல் பிலிப்ஸ் மாசச்சூசெட்சு மாநிலத்தின் ஆண்டோவரில் இதுபோன்ற ஒரு பள்ளியை நிறுவியிருந்தார். அது பிலிப்ஸ் அகாதமி என்ற பெயரில் இன்றும் இயங்கி வருகிறது.

ஜான் பிலிப்ஸ் எழுதிய கொடை ஆவணம் ஆசிரியர்களின் கடமையை வரையறுக்கிறது. அறிவில்லாத நற்குணம் வலுவற்றது; நற்குணமில்லாத அறிவு ஆபத்தானது; இரண்டும் ஒன்றுசேரும்போதே மனித குலத்துக்குப் பயன் விளையும் என்பது அதன் சாரம். தனக்காக மட்டும் அன்று எனப் பொருள்படும் இலத்தீன் தொடர் பள்ளியின் குறிக்கோளுரைகளுள் ஒன்றாகும்.

தொடக்கத்தில் இது ஆண்களுக்கான பள்ளியாக இருந்தது. 1970ஆம் ஆண்டு முதல் மாணவியரும் சேர்க்கப்பட்டனர். முதன்மைக் கட்டடத்தின் வாயிலில், ஆடவர் ஆவதற்காக இங்கு வருமாறு சிறுவர்களை அழைக்கும் இலத்தீன் வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது. மாணவியர் சேர்ந்து கால் நூற்றாண்டுக்குப் பின், 1996இல், சிறுவரும் சிறுமியரும் இங்கு நற்பண்பையும் அறிவையும் தேடட்டும் என்ற பொருளுடைய மற்றொரு வாசகம் அதனுடன் சேர்க்கப்பட்டது.

ஹார்க்னஸ் கொடை

1930ஆம் ஆண்டு வரை இப்பள்ளியின் வகுப்புகள் அக்காலத்துப் பிற பள்ளிகளின் வகுப்புகளைப் போலவே நடைபெற்றன. மாணவர்கள் வரிசையாக அமர்ந்திருப்பர். முந்தைய நாள் கொடுக்கப்பட்ட பாடத்தை ஆசிரியர் அழைக்கும்போது எழுந்து ஒப்பிப்பர். நன்கு படிக்கும் மாணவரும் துணிவுள்ள மாணவரும் இதில் எளிதாகத் தேறினர். ஏனையோர் தம்மை அழைக்காமல் விட்டால் போதும் என்று இருந்துவிட வாய்ப்பு இருந்தது.

எட்வர்டு ஹார்க்னஸ் என்பவர் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தின் தொடக்க முதலீட்டாளர்களுள் ஒருவரின் மகன். பெரும் செல்வத்தைப் பெற்ற இவர் அதன் பெரும்பகுதியை மருத்துவமனைகளுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் வழங்கினார். ஆர்வர்டு, யேல் பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் சிறு சமூகங்களாகத் தங்கிப் பயிலும் இல்லங்கள் உருவானதும் இவருடைய கொடையினாலேயே.

அப்போதைய பள்ளி முதல்வர் லூயிஸ் பெர்ரி ஹார்க்னசின் நண்பர். பள்ளிக் கல்வியை அடிப்படையில் மாற்றக்கூடிய திட்டம் ஒன்று இருந்தால் அதற்கு நிதி வழங்க ஹார்க்னஸ் முன்வந்தார். பள்ளி முதலில் அளித்த திட்டம் போதிய அளவுக்குப் புதுமையானதன்று எனக் கூறி அதனை அவர் ஏற்க மறுத்தார். 1930 ஏப்ரலில் எழுதிய கடிதத்தில் தம் எண்ணத்தை விளக்கினார். மாணவர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர வேண்டும். ஆசிரியர் அவர்களுடன் உரையாட வேண்டும். சராசரி மாணவரும் சராசரிக்குக் கீழ் உள்ள மாணவரும் தம் ஐயங்களைத் தயக்கமின்றி வெளியிடும் ஊக்கத்தைப் பெற வேண்டும் என்பதே அதன் கருத்து.

இதனை ஏற்றுப் பள்ளி உருவாக்கிய திட்டத்துக்கு அவர் 58 இலட்சம் டாலர் வழங்கினார். அத்தொகையைக் கொண்டு கூடுதல் ஆசிரியர்கள் நியமிக்கப்பட்டனர். புதிய வகுப்பறைகளும் விடுதிகளும் கட்டப்பட்டன. இன்று திறமை மிக்க மாணவர்களுக்குரிய முறையாகக் கருதப்படும் ஹார்க்னஸ் முறை, வகுப்பில் வாய் திறக்கத் தயங்கிய மாணவரை மனத்தில் கொண்டே தோன்றியது என்பது குறிப்பிடத்தக்கது.

வகுப்பு நடைபெறும் விதம்

மேசை நீள்வட்ட வடிவில் இருப்பதற்குக் காரணம் உண்டு. அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் மற்ற அனைவரின் முகத்தையும் காண முடியும். பின்வரிசை என ஒன்று இல்லாததால் எவரும் ஒளிந்துகொள்ள இயலாது. ஆசிரியரும் அதே மேசையில் ஓர் இருக்கையில் அமர்கிறார்.

மாணவர்கள் வகுப்புக்கு வரும் முன்பே பாடப்பகுதியைப் படித்து அல்லது கணக்குகளைச் செய்து வர வேண்டும். வகுப்பு நேரம் அவற்றை விவாதிப்பதற்கே பயன்படுகிறது. ஆசிரியர் விரிவுரை ஆற்றுவது அரிது. உரையாடல் தடம் மாறும்போது ஒரு கேள்வி எழுப்புவதும், சான்று இல்லாத கூற்றுக்குச் சான்று கேட்பதும், பேசாதிருப்பவருக்கு இடம் ஏற்படுத்துவதும் அவருடைய பணிகள். சில ஆசிரியர்கள் தாளில் ஒரு நீள்வட்டம் வரைந்து, யாரிடமிருந்து யாருக்குப் பேச்சு சென்றது என்பதைக் கோடுகளால் குறித்துக்கொள்வர். வகுப்பின் முடிவில் அக்கோடுகள் இரண்டு மூன்று பெயர்களுக்கிடையே மட்டும் குவிந்திருந்தால், உரையாடல் சரியாக நடைபெறவில்லை என்பது தெளிவாகும்.

கேள்வி கேட்டுக் கற்பிப்பதில் இம்முறை சாக்கிரட்டீசு முறையை ஒத்தது. எனினும் இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. சாக்கிரட்டீசு முறையில் கேள்விகள் பெரும்பாலும் ஆசிரியரிடமிருந்து வருகின்றன. ஹார்க்னஸ் முறையில் மாணவர்கள் ஒருவரையொருவர் கேட்க வேண்டும் என எதிர்பார்க்கப்படுகிறது.

கல்வித் துறைகள்

இம்முறை இலக்கிய வகுப்புக்குப் பொருந்துவது எளிதில் விளங்கும். கணிதம், அறிவியல் போன்ற பாடங்களுக்கு அதனைப் பொருத்த, துறைகள் தம் பாடப்பொருளையே மாற்றியமைக்க வேண்டியிருந்தது.

கணிதம்: இத்துறையின் முதன்மையான பாடங்களுக்கு வழக்கமான பாடநூல் இல்லை. ஆசிரியர்களே எழுதி அவ்வப்போது திருத்தி வரும் கணக்குத் தொகுப்புகள் பயன்படுகின்றன. அவற்றில் அத்தியாயங்களோ, தீர்க்கப்பட்ட எடுத்துக்காட்டுகளோ இல்லை. இயற்கணிதம், வடிவியல், முக்கோணவியல் ஆகியவை தனித்தனியாகப் பிரிக்கப்படாமல் கலந்தே வருகின்றன. மாணவர்கள் வீட்டுப்பாடமாகச் செய்த கணக்குகளை வகுப்பின் தொடக்கத்தில் சுவரிலுள்ள பலகைகளில் எழுதிவிட்டு, பின்னர் அவற்றை விளக்கி விவாதிப்பர்.

இம்முறையில் ஒரு கருத்து எவ்வாறு உருவாகிறது என்பதைப் பின்வரும் எடுத்துக்காட்டால் அறியலாம். (1, 2), (5, 4) ஆகிய இரு புள்ளிகளிலிருந்தும் சம தொலைவில் உள்ள ஒரு புள்ளியைக் காண்க என்று கேட்பதாகக் கொள்வோம். ஒரு மாணவர் நடுப்புள்ளியான (3, 3) என்பதைத் தருவார். மற்றொருவர் (2, 5) எனவும் வேறொருவர் (4, 1) எனவும் கூறலாம். மூன்றும் சரியே. மூன்றையும் பலகையில் குறித்தால் அவை 2x + y = 9 என்ற ஒரே நேர்கோட்டில் அமைவதையும், அக்கோடு இரு புள்ளிகளையும் இணைக்கும் கோட்டுக்குச் செங்குத்தாக இருப்பதையும் காணலாம். செங்குத்து இருசமவெட்டி என்னும் கருத்து வரையறையாகக் கொடுக்கப்படாமல், விடைகள் ஏன் வேறுபட்டன என்ற கேள்வியிலிருந்து பிறக்கிறது. இப்பள்ளியின் கணக்குத் தொகுப்புகள் அதன் இணையத்தளத்தில் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. வேறு பள்ளிகளும் அவற்றைப் பயன்படுத்துகின்றன.

அறிவியல்: இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகியவை முதன்மைப் பாடங்கள். 2001ஆம் ஆண்டு திறக்கப்பட்ட பெல்ப்ஸ் அறிவியல் மையத்தில் ஹார்க்னஸ் மேசையும் ஆய்வுக்கூடமும் ஒரே அறையில் அமைந்துள்ளன. ஆகவே விவாதத்தில் எழும் ஐயத்தைச் சில அடிகள் நடந்து சோதனை வழியாகச் சரிபார்க்க முடிகிறது.

ஆங்கிலம்: இலக்கியம் வாசிப்பதும் எழுதுவதும் சம முக்கியத்துவம் பெறுகின்றன. தொடக்க ஆண்டுகளில் மாணவர்கள் தம் சொந்த அனுபவங்களை எழுதிப் பழகுகின்றனர். இறுதியாண்டில் ஒவ்வொருவரும் தியானம் எனப்படும் நீண்ட தன்னுரைக் கட்டுரை ஒன்றை எழுதுகின்றனர். தேர்ந்தெடுக்கப்பட்ட சில கட்டுரைகள் பள்ளித் தேவாலயத்தில் வாசிக்கப்படும். நாவலாசிரியர்கள் ஜான் இர்விங், டான் பிரவுன் ஆகியோர் இப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள். டான் பிரவுன் இங்கு ஆங்கில ஆசிரியராகவும் பணியாற்றினார்.

வரலாறு: முதல்நிலைச் சான்றுகளை வாசித்து வாதிடுவது இத்துறையின் அடிப்படை. அமெரிக்க வரலாற்றுப் பாடத்தில் மாணவர்கள் விரிவான ஆய்வுக் கட்டுரைகள் எழுத வேண்டும்.

மொழிகள்: செம்மொழித் துறையில் இலத்தீனும் கிரேக்கமும் கற்பிக்கப்படுகின்றன. இவ்விரண்டிலும் குறிப்பிட்ட அளவு பயின்றவர்கள் செம்மொழிப் பட்டயம் பெறுகின்றனர். நவீன மொழித் துறையில் எசுப்பானியம், பிரெஞ்சு, சீனம் உள்ளிட்ட மொழிகள் உள்ளன.

சமயம், நன்னெறி, மெய்யியல்: கிறித்தவப் பின்னணியில் தோன்றிய இப்பள்ளியில் இன்று பல சமயங்களும் அறவியல் சிக்கல்களும் ஒப்பிட்டுப் பயிலப்படுகின்றன.

இவை தவிர கணினி அறிவியல், ஓவியம், இசை, நாடகமும் நடனமும், உளவியல், உடற்கல்வி, உடல்நலம் ஆகியவற்றுக்கும் துறைகள் உள்ளன.

பல அமெரிக்கப் பள்ளிகளைப் போல, அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் என்னும் பொதுத்தேர்வின் பெயரில் இங்குப் பாடங்கள் நடத்தப்படுவதில்லை. அத்தேர்வுக்குரிய பாடப்பட்டியலை முடிக்கும் நெருக்கடி இல்லாமல், ஆசிரியர்கள் தம் பாடங்களைத் தாமே வடிவமைத்துக்கொள்ள இது இடமளிக்கிறது. விரும்பும் மாணவர்கள் அத்தேர்வை எழுதலாம்.

நூலகம்

கட்டடக் கலைஞர் லூயிஸ் கான் வடிவமைத்த பள்ளி நூலகம் 1971இல் பயன்பாட்டுக்கு வந்தது. இரண்டரை இலட்சம் நூல்களைக் கொள்ளத்தக்க இது, உலகின் மிகப்பெரிய பள்ளி நூலகமாகக் கூறப்படுகிறது. நடுக்கூடத்தின் நான்கு பக்கமும் உள்ள பெரிய வட்டத் திறப்புகளின் வழியாக, உள்ளே நுழைபவர் எல்லாத் தளங்களிலும் நூல்கள் அடுக்கப்பட்டிருப்பதைக் காண முடியும். வெளிச்சுவரை ஒட்டி, சன்னல் ஒளியில் தனித்து அமர்ந்து படிப்பதற்கான மர இருக்கைகள் உள்ளன. மேசையில் கூடிப் பேசுவதற்கு முன் தனியே படித்தல் வேண்டும் என்ற இப்பள்ளியின் ஒழுங்குக்கு இவ்வமைப்பு ஏற்றது. அகமதாபாத்தில் உள்ள இந்திய மேலாண்மைக் கழகத்தின் கட்டடங்களை வடிவமைத்தவரும் லூயிஸ் கானே.

செலவும் மாணவர் சேர்க்கையும்

12 பேருக்கு ஓர் ஆசிரியர் என்ற விகிதம் மிகுந்த செலவு பிடிப்பது. விடுதியில் தங்கிப் பயில ஓராண்டுக் கட்டணம் 60,000 டாலருக்கு மேல் ஆகும். பள்ளியின் அறக்கட்டளை நிதி 100 கோடி டாலரைக் கடந்தது. அந்நிதியின் துணையால் மாணவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் உதவித்தொகை பெறுகின்றனர். ஆண்டு வருமானம் 75,000 டாலர் அல்லது அதற்குக் குறைவாக உள்ள குடும்பங்களின் பிள்ளைகளிடம் கட்டணம் பெறுவதில்லை என்று 2007இல் பள்ளி அறிவித்தது. குடும்பத்தின் பண வசதியைக் கருத்தில் கொள்ளாமலே சேர்க்கை முடிவுகள் எடுக்கப்படும் என 2021இல் அறிவிக்கப்பட்டது.

விமர்சனங்கள்

இம்முறை குறித்துப் பல குறைகள் எடுத்துரைக்கப்படுகின்றன. விரிவுரையை விட இதில் பாடம் மெதுவாகவே நகரும். பேச்சாற்றல் உள்ளவர் அறிவாளியாகத் தோன்றவும், ஆழ்ந்து சிந்தித்தாலும் குறைவாகப் பேசுபவர் பின்தங்கவும் வாய்ப்புண்டு. பங்கேற்பும் மதிப்பெண்ணில் சேர்வதால் பேச வேண்டும் என்பதற்காகவே பேசும் பழக்கம் உருவாகலாம். எவருக்காக இம்முறை தொடங்கப்பட்டதோ, அந்தத் தயங்கும் மாணவரையே இது கைவிடக்கூடும் என்பது இவற்றுள் வலுவானது. பேசுவதைப் போலவே செவிமடுப்பதும் பயிற்சிக்கு உரியது என்பதே இதற்கு இம்முறையின் ஆதரவாளர்கள் அளிக்கும் மறுமொழி.

2016ஆம் ஆண்டு, கடந்த பல ஆண்டுகளில் ஆசிரியர் சிலர் மாணவரிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டமை வெளிச்சத்துக்கு வந்தது. பள்ளி வெளி விசாரணைகளுக்கு ஏற்பாடு செய்து அவற்றின் முடிவுகளை வெளியிட்டது. ஆசிரியரும் மாணவரும் நெருங்கிப் பழகும் உறைவிடப் பள்ளியில் மாணவர் பாதுகாப்புக்குத் தெளிவான விதிகள் இன்றியமையாதவை என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது. அறிவையும் நற்குணத்தையும் பிரிக்கலாகாது என்ற நிறுவனரின் விதி ஆசிரியர்களை நோக்கியே எழுதப்பட்டது என்பது இங்கு நினைவுகூரத் தக்கது.

பரவல்

நியூ ஜெர்சியின் லாரன்ஸ்வில் பள்ளி 1930களிலேயே ஹார்க்னஸின் கொடையுடன் இம்முறையை ஏற்றது. பின்னர் அமெரிக்காவின் வேறு பள்ளிகளும், இங்கிலாந்தின் வெலிங்டன் கல்லூரி போன்றவையும் இதனைப் பின்பற்றின. பிற பள்ளி ஆசிரியர்களுக்காக எக்சிட்டரில் கோடைகாலப் பயிற்சிகள் நடத்தப்படுகின்றன. 40 அல்லது 50 பேர் உள்ள வகுப்புகளில் இம்முறையை அப்படியே செயல்படுத்த இயலாது. ஆயினும் முன்கூட்டியே படித்து வருதல், ஒரே கணக்குக்குப் பல வழிகளை ஒப்பிடுதல், சிறு குழுக்களாக விவாதித்தல், யார் பேசவில்லை என்பதைக் கவனித்தல் ஆகிய கூறுகளுக்கு நீள்வட்ட மேசை கட்டாயமன்று.

இவற்றையும் பார்க்க

சாக்கிரட்டீசு முறை
உறைவிடப் பள்ளி
லூயிஸ் கான்