கோட்டை மாரியம்மன் மாசித் திருவிழா

திண்டுக்கல் மலைக்கோட்டை அடிவாரத்திலுள்ள கோட்டை மாரியம்மன் கோயிலில், பனி விலகி வெயில் ஏறும் மாசி மாதத்தில் (பிப்ரவரி–மார்ச்) நடைபெறும் பருவ விழா. கோடையில் அம்மை கண்டுவிடக் கூடாது, மழை பொய்க்கக் கூடாது என்பதே பக்தர்களின் வேண்டுதல்.

பூச்சொரிதலன்று மல்லியும் சம்பங்கியும் கூடைகூடையாக வந்து குவியும். அடுத்து சாட்டுதல் (விழா அறிவிப்பு), கொடியேற்றம். மஞ்சளாடை உடுத்தி விரதமிருந்தவர்கள், கையில் வேப்பிலைக் கொத்துடன் தணல் பரப்பிய பூக்குழியில் இறங்குவார்கள். தீச்சட்டி, மாவிளக்கு ஆகியவையும் நேர்த்திக்கடன்களே.

பருவத்தை ஒட்டிய விழாக்கள் வேறு நெறிகளிலும் உண்டு. 20ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் ஜெரால்டு கார்டனர் பரப்பிய ‘விக்கா’ என்னும் நவீன சூனியக்கார நெறியிலும் ஆண்டுக்கு 8 பருவ விழாக்கள் உண்டு. அவற்றுள் பெல்டேன், மே 1ஐ ஒட்டி நெருப்பு மூட்டிக் கொண்டாடப்படுகிறது. விக்கா சடங்குகள் பெரும்பாலும் சிறு குழுக்களுக்குள்ளோ தனியாகவோ நடப்பவை. மாசித் திருவிழாவோ ஊரே திரளும் பொது வழிபாடு.