ஓசூர் சாலைக் கல்லறைத் தோட்டங்கள்: ஒரு முன்வரலாறு

பெங்களூர் ஓசூர் சாலையிலுள்ள கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களை இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய விக்டோரியா கால அமைப்பாகக் கருதுவது வழக்கம். இது பாதி உண்மை. ஆலய முற்றத்தை விட்டு விலகி, ஊருக்கு வெளியே மதில் சூழ்ந்த தோட்டத்தில் இறந்தோரை அடக்கம் செய்யும் ஏற்பாட்டுக்கு இந்திய மண்ணிலேயே முன்மாதிரி இருந்தது.

சூரத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியார் தம் இறந்தோரை நகரத்துக்கு வெளியே புதைத்தனர். 1659இல் இறந்த கிறிஸ்டோபர் ஆக்ஸெண்டனுக்கும் 1669இல் இறந்த அவர் சகோதரர் ஜார்ஜுக்கும் அங்கே இரண்டடுக்கு நினைவு மண்டபம் எழுந்தது. அதன் தூண்களிலும் குவிமாடத்திலும் முகலாயச் சாயல் வெளிப்படை. 1680களில் சூரத்தில் கம்பெனி ஊழியராக இருந்த ஜான் வான்ப்ரா, பிற்காலத்தில் பெயர்பெற்ற கட்டடக் கலைஞரானார். லண்டனில் 50 புதிய தேவாலயங்கள் கட்டத் திட்டமிட்ட 1711இல், ஆலயத்துக்குள் புதைப்பதை நிறுத்தி, நகர விளிம்பில் மதிலும் மரங்களும் கொண்ட கல்லறைத் தோட்டம் அமைக்கவேண்டும் என்று எழுதிக்கொடுத்தார். சான்றாகக் காட்டியது சூரத்தை. அதன் படத்தையும் வரைந்து இணைத்தார்.

லண்டன் அதற்குச் செவிசாய்க்க 120 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. கல்கத்தாவில் பார்க் ஸ்ட்ரீட் கல்லறை 1767இலும் பாரிஸில் பெர் லாஷேஸ் 1804இலும் திறக்கப்பட்டன. லண்டனின் கென்சல் கிரீன், காலரா கிளப்பிய அச்சத்துக்குப் பின் 1833இல்தான் வந்தது. நேர்பாதைகள், வடிகால், காற்றையும் வெயிலையும் மறைக்காத குறுகலான பசுமைமாறா மரங்கள் என்று தோட்டக்கலை எழுத்தாளர் லௌடன் 1843இல் கல்லறைத் தோட்டத்துக்கு இலக்கணமே வகுத்துவிட்டார்.

பெங்களூரின் தேவை வேறு. 1791இல் பெங்களூர்க் கோட்டை முற்றுகையில் மாண்ட ஆங்கிலேயர் அதன் அருகே புதைக்கப்பட்டனர். 1809இல் தண்டு எனப்படும் பிரிட்டிஷ் படைக் குடியிருப்பு அமைந்தபின் மரணத்துக்குப் போர் தேவைப்படவில்லை. இந்தியாவிலிருந்த பிரிட்டிஷ் படைவீரரில் ஆண்டுக்கு 1,000 பேருக்கு 69 பேர் இறந்தனர் என்று 1863இல் அரச ஆணையம் கணக்குச் சொன்னது, பெரும்பாலும் நோயால். தண்டை விட்டு விலகிய அடக்க நிலம் இங்கே சுகாதாரத் தேவை. தண்டுக்குத் தெற்கே ஓசூர் சாலையோரம் சபைவாரியாக நிலம் பிரிந்தது.

பொருளிலும் உள்ளூர் முத்திரை உண்டு. கல் கிடைக்காத கல்கத்தாவில் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு கூம்புகள் எழுப்பினர். அவற்றை மழையும் அரசமர வேரும் பிளந்தன. பெங்களூர் நிற்பதோ லால்பாக் பாறைபோல ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையான கருங்கல்லின்மேல்; இங்கே கல்லுக்குப் பஞ்சமில்லை. அந்த லால்பாக் தோட்டத்தைச் செப்பனிட்டு, நகரமெங்கும் பூமரங்கள் நட்ட ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் கிரும்பீகல் 1956இல் இறந்து, இச்சாலையின் மெதடிஸ்ட் கல்லறையில்தான் உறங்குகிறார்.

தண்டோடு வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களும் இங்கே அடக்கமாகியிருக்கிறார்கள். ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’ என்று தொடங்கி ஊர், தொழில், உறவு சொல்லும் தமிழ்க் கல்வெட்டுகள் குடியேற்ற வரலாற்றுக்கு நேரடிச் சான்றுகள். சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களை 1905இல் தொகுத்த ஜே.ஜே. காட்டன், முதன்மையாக ஐரோப்பியரையே பதிவுசெய்தார். இடநெருக்கடியால் பழைய குழிகளில் மீண்டும் புதைக்கும்போது தமிழ்க் கல்வெட்டுக் கற்கள் இடம்பெயரும். கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியோடு போகும் குடும்பத்தார், தங்கள் முன்னோரின் கல்லைப் படமெடுத்து, எழுத்து மாறாமல் படியெடுத்துச் சபைப் பதிவேட்டில் சேர்க்கவேண்டும்.