வீட்டுச் சுவடியும் நாட்டுச் சரித்திரமும்

ஒரு குடியின் சரித்திரம் கல்லிலும் செப்பேட்டிலும் மாத்திரம் உள்ளதன்று. பரணிற் கிடக்கும் கணக்குச் சுவடியிலும், கடன் சீட்டிலும், கலியாண மொய்க் குறிப்பிலும் அஃது உறைகின்றது. கல்லெழுத்தைக் காக்க அரசாங்கத்தார் உளர். பரணிலுள்ளதைக் காக்க நம்மையன்றி யாவர் உளர்? இதனை விளக்கும் வரலாறொன்றை நம் சங்கத்து அன்பர்கட்கு ஈண்டு எடுத்துரைப்பாம்.

ஆனந்தரங்கம் பிள்ளை என்பார் 1709-ஆம் ஆண்டிற் சென்னையை அடுத்த பெரம்பூரிற் பிறந்தவர். புதுச்சேரியிற் பிரெஞ்சுக் கம்பெனியாரிடம் அலுவல் பார்த்து, கவர்னர் துய்ப்ளேக்ஸ் காலத்தில் தலைமைத் துபாஷியாய் விளங்கியவர். 1736 செப்டம்பர் முதல் தாம் கண்டதையும் கேட்டதையும் தமிழிலேயே எழுதி வந்தார். கப்பல் வரவு, சரக்கு விலை, கவர்னர் மாளிகைப் பேச்சு, ஊர் வதந்தி, வீட்டு நன்மை தீமை ஆகிய அனைத்தும் அதில் உள. 1746-இற் பிரெஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்ததும், 1748-இற் புதுவை வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதும் நிகழ்ந்த காலத்திலேயே எழுதப்பெற்றன. 1761 ஜனவரி 12-இல் அவர் உயிர் நீத்தார். நான்கு நாளிற் புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாயிற்று. பின்னர் நகரமும் இடிக்கப்பட்டது.

நகரம் இடிந்தும் சுவடிகள் பிழைத்தன. அவர் வழியினர் அவற்றை வீட்டில் வைத்திருந்தனர். 1846-இல் கலுவா மொம்பிரேன் என்னும் பிரெஞ்சுக்காரர் அவற்றைக் கண்டு படியெடுத்தார். அரியேல் என்பார் எடுத்த படி பாரிஸ் தேசிய நூலகத்தைச் சேர்ந்தது. சென்னை அரசாங்கத்தார் 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டனர். தமிழில் எழுதிய நூலின் தமிழ்ப் பதிப்போ 1948-இலேதான் புதுவையில் வெளிவரத் தொடங்கிற்று. அதற்குள் இடையிடையே சில காலப் பகுதிகள் காணாமற் போயின. போனவை போயினவே, அந்நாட்களை இனி எவர் எழுதித் தருவார்?

நிற்க. தமிழ்ப் பண்டிதனாகிய யான் இளமையில் இந்நூலைப் புரட்டிப் பார்த்து, கொச்சை மொழியென்று இகழ்ந்து மூடினேன். இலக்கண வழுவின்றி எழுதியவையே பேணத் தக்கன என்பது அக்காலத்து என் எண்ணம். அக்கொச்சையே அக்காலத்து மாந்தரின் குரல் என்பதைப் பின்னரே உணர்ந்தேன். அவ்வெண்ணத்தாலன்றோ நம் இல்லங்களிலும், "இது வெறும் கணக்கு, இது வெறும் கடிதம்" என்று கூறிப் பழந்தாள்களைப் போகித் தீயில் இடுகின்றோம்!

"வெளியிற் கொடுத்தால் குடும்ப வழக்கு அம்பலமாகுமே" என்று சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் நியாயமே. நடப்பிலுள்ள பத்திரங்களை வீட்டிலேயே வைத்துக்கொண்டு படியை மாத்திரம் கொடுக்கலாம். இத்தனை ஆண்டுவரை எவரும் பார்க்கலாகாது என்னும் நிபந்தனைக்குக் காப்பகத்தார் இசைவரேல், அதனை எழுத்திற் பெறலாம். கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் தனியொருவராய்த் திரட்டிய நூல்களும் தாள்களும், அவர் காலத்திற்குப் பின் 1994-இற் சிக்காகோ பல்கலைக்கழகத்தாரால் வாங்கப்பெற்று, சென்னையில் அவர் பெயரால் அமைந்த ஆராய்ச்சி நூலகமாயின. ஒருவர் சேர்த்தது ஊருக்குப் பயன்படுதல் இவ்வாறே.

ஆதலின் அன்பர்காள், செய்யத்தக்கன சில. கட்டிய கட்டைக் கலைத்து அடுக்காதீர். அவ்வரிசையும் ஒரு சான்று. கிழிந்த தாளிற் பசைநாடா ஒட்டாதீர், லாமினேஷன் செய்யாதீர். ஈரமும் கறையானும் அணுகாத இடத்தில் வையுங்கள். புகைப்படத்தில் உள்ளவர் யாவரென்பதை வீட்டு முதியோரைக் கேட்டு, இன்றே ஒரு தனித்தாளிற் குறித்து வையுங்கள். தாள் நாளையும் இருக்கும். பெயர் சொல்லும் பாட்டியார் நாளை இருப்பாரென்பது உறுதியன்று.

முன்னோர் புகழை மேடையிற் பேசுதல் எளிது. அவர் கையெழுத்தைக் காத்தலே நாம் அவர்க்குச் செய்யும் கடனாம்.