165ஆ, 198ஆ?

ஃபன்டசி ஃபுட்போல் 1962இல் பிறந்தது. ஓக்லண்ட் ரைடர்ஸ் அணியின் பங்குதாரர் பில் விங்கன்பாக் நண்பர்களோடு நியூயோர்க் ஹோட்டல் ஒன்றில் இருந்து விதி எழுதினாராம். இந்த அமெரிக்க விளையாட்டில் இப்ப பெரும்பாலும் தடுப்பு வீரர்களைத் தனித்தனியா எடுக்கிறதில்லை. முழுத் தடுப்பணியும் ஒரே சீட்டு. எதிரணிக்குக் குறைய விட்டால் எங்களுக்குப் புள்ளி கூட.

அந்தக் கணக்கில் பார்த்தால் பழைய சண்டை ஒன்று லேசா முடியும். 16 ஆட்டங்களில் 1985இன் சிக்காகோ பெயார்ஸ் விட்டது 198 புள்ளி, 2000இன் பால்ட்டிமோர் ரேவன்ஸ் விட்டது 165. ரேவன்ஸைக் குடுத்து பெயார்ஸை ஆர் வாங்குவினம்?

ஆனா பெயார்ஸுக்கு முன்னால வோல்ட்டர் பேட்டன் இருந்தார். அந்த அணி 456 புள்ளி குவிச்சது. தடுப்பு ஒருநாள் சறுக்கினாலும் தாங்கும். ரேவன்ஸுக்கோ 2000 ஒக்ரோபரில் தொடர்ந்து 5 ஆட்டம், ஒரு டச்டவுன்கூட இல்லை! மட் ஸ்டோவர் காலால் உதைச்ச புள்ளிகள் மட்டும்தான். அதை வச்சே 12-0, 15-10 என்று இரண்டை வென்றார்கள். பிட்ஸ்பேர்க்கிடம் 9-6 என்று தோற்றார்கள். 9 மட்டும் விட்ட தடுப்பணி ஃபன்டசியில் எங்களுக்கு நல்ல லாபம், மைதானத்தில் அது தோல்வி.

எங்கட வாக்கு ரேவன்ஸுக்குத்தான், ஆனா 165க்காக இல்லை, அந்த ஒக்ரோபருக்காக. பிறகு அவர்கள் தோற்கவே இல்லை. சுப்பர் போல் 34-7. அந்த 7உம் கிக்-ஓஃப் பந்தைத் திருப்பிக்கொண்டு ஓடி ஜயன்ட்ஸ் எடுத்தது. தடுப்பணி விட்டது பூச்சியம்.